புளியைக் கரைத்தது யார்?

பயண நூல்கள் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முக்கால்வாசி நூல்களில் ஒரு காய்ச்சல் அத்தியாயம் வந்துவிடும். எழுதுகிறவர் முன்பின் தெரியாத ஊரில் படுத்துவிடுவார். பாஷை தெரியாது, கையில் காசும் குறைவு. யாரோ கஞ்சி கொண்டுவருவார், இன்னொருவர் வைத்தியரைக் கூட்டிவருவார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "இந்த ஊர் ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். இன்றைய யூடியூப் பயணிகளும் அதே அச்சில்தான் வார்க்கிறார்கள்.

இந்த அத்தியாயத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. படுத்தவருக்கு எத்தனை டிகிரி ஜுரம் என்பது வரைக்கும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கஞ்சி கொண்டுவந்தவருக்கோ பெயரில்லை, வீடில்லை, அன்றைக்குப் போன கூலிக்குக் கணக்கில்லை. அவர் 'உள்ளூர்க்காரர்', அவ்வளவுதான்.

இது புதுப் பழக்கமும் இல்லை. மொராக்கோக்காரர் இபின் பதூதா 1340களில் நம் பக்கம் வந்தார். இலங்கையிலிருந்து கிளம்பிய கப்பல் மாபார் கரைக்குப் பக்கத்தில் சேதமாகி நின்றுவிட்டது. கூட வந்தவர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு இவர் ராத்திரி முழுக்கக் கப்பலிலேயே இருந்தார். காலையில் உள்ளூர் ஆட்கள் படகில் வந்து கரை சேர்த்தார்கள். நல்ல மீன் கொடுத்தார்கள். உள்ளே பஞ்சு மாதிரி இருந்து தேனாக இனிக்கிற ஒரு பழமும் கொடுத்தார்கள் என்று எழுதுகிறார். படித்தால் பனம்பழமாகத்தான் தோன்றுகிறது. மதுரை சுல்தானுக்கு இவர் வேண்டியவர் என்ற சேதியும் அந்த உபசாரத்தில் கொஞ்சம் வேலை செய்திருக்கும். அதற்காகப் பழத்தின் இனிப்பு குறைந்துவிடாது.

பிறகு மதுரை போகிறார். அங்கே கொள்ளைநோய். நோய் கண்டவர்கள் இரண்டு, மூன்று நாளில் செத்துப்போகிறார்கள். ஆரோக்கியமானவள் என்று சொல்லப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்குகிறார், அவள் மறுநாளே இறந்துபோகிறாள். இவருக்கும் கடும் ஜுரம். அந்த ஊரில் ஏராளமாகக் கிடைத்த புளியை ஒரு ராத்தல் அளவு தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கிறார். மூன்று நாள் வயிற்றுப்போக்கு, அப்புறம் குணமாகிறது. நன்றி இறைவனுக்குப் போகிறது.

அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் புளியைக் கொண்டுவந்தது யார், கரைத்தது யார், மூன்று நாள் பாயையும் துணியையும் அலசியது யார்? நூலில் பதில் இல்லை. எழுந்து உட்கார முடியாத மனுஷன் இதையெல்லாம் தனியாகச் செய்திருக்க முடியாது. ஒரு ஜுரம் விரிவாக எழுதப்படுகிறது, அந்தப் பெண்ணின் ஜுரம் ஒரு வரியில் முடிகிறது.

இபின் பதூதாவைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இவருடைய சகலை முறையான சுல்தான் கியாசுத்தீன், காடுகளில் பிடிபட்ட ஜனங்களைப் பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் கொன்றதை இவர் அருவருப்போடு பதிவு செய்திருக்கிறார். கண்ணுள்ள எழுத்தாளர்தான். ஆனால் அந்தக் கண், பழம் கொடுத்த கையையும் கொல்லப்பட்ட ஆளையும் ஒரே சனமாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில், சில பக்க இடைவெளியில் இருக்கின்றன. 'அன்பான உள்ளூர்க்காரர்' என்ற பாத்திரத்தின் பிரச்சினை இதுதான். நமக்கு உதவுகிற நேரம் மட்டும் அவர் மேடைக்கு வருகிறார். அவருக்கு என்ன நடக்கிறது என்பது வேறு அத்தியாயம்.

இதற்கு நேர் எதிரான ஒரு பதிவு வடசென்னையில் இருக்கிறது. அது புத்தகம் இல்லை, ஒரு பெயர். 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் வந்தபோது ஊர்கள் பாழாயின. ஜனங்கள் சென்னையை நோக்கி ஓடிவந்தார்கள். 1782 பஞ்சத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம், ஆங்கிலேயர் வாயில் 'மோனிகர் சவுல்ட்ரி'. 1799இல் அதோடு ஒரு வைத்தியசாலை சேர்ந்தது. 1910இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, இராயபுரம் மருத்துவமனை ஆனது. 1930களில் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வந்தது. 1938இல் மருத்துவக் கல்லூரி.

போர்டில் கவர்னர் பெயர் இருக்கிறது. ஆனால் பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். நான் சொன்ன பயண நூல்கள் செய்யாததை இந்தப் பெயர் செய்திருக்கிறது. படுத்தவர் யார், பணம் போட்டவர் யார் என்று அது சொல்லவில்லை. என்ன செய்தார்கள் என்று சொல்கிறது: தொட்டி வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். தொட்டி என்றால் ஒரு வேளைக்கு, ஓர் ஆளுக்கு இல்லை. நாளைக்கும் ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்து வைப்பது. அன்பு ஏற்பாடாக மாறின இடம் அது.

"ஏற்பாட்டில் அன்பு ஏது? கியூவும் சீட்டும்தானே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசு வார்டில் முதல் கேள்வியே "கூட யார் வந்திருக்கீங்க?" என்பதுதான். ரத்தம் எடுத்தால் சீட்டைத் தூக்கிக்கொண்டு போக, ஸ்ட்ரெச்சரில் ஒரு கை கொடுக்க, ராத்திரி தண்ணீர் எடுத்துத் தர ஓர் ஆள் வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலைய வேலைக்கு வந்த ஒடிசா பையனோ, துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் லாரியோடு வரிசையில் நிற்கிற வெளிமாநில டிரைவரோ காய்ச்சலில் விழுந்தால் கூட யார் வருவது? விபத்து என்றால் 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எந்த மாநிலத்து ஆள் என்று பார்ப்பதில்லை. ஆனால் கூட நிற்கிற ஆளை எந்தத் திட்டமும் அனுப்பாது. அங்கேதான் டீக்கடைக்காரரும் பக்கத்து அறைக்காரரும் தேவைப்படுகிறார்கள். ஏற்பாடு இல்லாமல் அவர்கள் ஓர் ஆளை எங்கே கொண்டுபோவார்கள்? அவர்கள் இல்லாமல் ஏற்பாடு வாசலோடு நின்றுவிடும்.

இந்த டிரைவரின் காய்ச்சல் அத்தியாயத்தை யாரும் எழுதப்போவதில்லை. நாம் எழுதுவதெல்லாம் நாம் போய்ப் படுத்த ஊர்களைப் பற்றி. நம் ஊருக்கு வந்து படுக்கிறவர்களைப் பற்றி எழுத்து குறைவு.

அடுத்து, "முரட்டு ஜனங்க, ஆனா பாசக்காரங்க" என்று வடசென்னையைப் பாராட்டுகிற வாக்கியம். சினிமாவும் கட்டுரைகளும் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கிய வாக்கியம். பாசம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வசதி, அதற்கு யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறி ஜனங்கள் வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் ஓடினார்கள், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பயணிக்குக் கஞ்சி கொடுக்கும் அந்த 'உள்ளூர்க்காரர்' அன்றைக்குச் சொந்தத் தெருவிலேயே நோயாளி.

ஆகவே காய்ச்சல் அத்தியாயம் எழுதுகிறவர்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவரைக் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள். அன்றைக்கு அவர் கடையை எத்தனை மணிக்குச் சாத்தினார் என்று கேளுங்கள். அந்த ஊரில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், அவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போவார் என்றும் கேளுங்கள். இந்த நாலு விவரம் சேர்ந்தாலே அந்த அத்தியாயம் படுத்தவரைத் தாண்டி ஊரைப் பற்றியதாகிவிடும். "நல்ல ஜனங்கள்" என்ற வரி அதற்கப்புறம் தேவைப்படாது.