இசையமுதும் இளஞ்செவியும்

பாரதிதாசனார் இயற்றிய ‘இசையமுது’ முதற்றொகுதி 1942-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டாந் தொகுதி 1952-இல் வந்தது. சீர்திருத்தப் பற்றுள்ள நம் அன்பர்களின் புத்தக அலமாரிகளில் இந்நூலுக்கு எப்போதும் ஓரிடம் உண்டு. ஆனால் அவ்வீட்டுப் பிள்ளைகளில் இந்நூலிலுள்ள பாட்டொன்றை வாய்விட்டுப் பாடுவோர் எத்தனை பேர் என்று எண்ணப் புகுந்தால் நம் கைவிரல்களே மிஞ்சிப்போகும். பாடுவதற்கென்றே எழுதப்பட்ட நூல், முதலில் படிப்பதற்குரிய நூலாகி, பின்னர் மேடைப் பேச்சின் மேற்கோளுக்குரியதாகி, முடிவில் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் வண்ணத்தாள் சுற்றிக் கையளிக்கும் பொருளாகி நின்றது எங்ஙனம்? இதனைச் சிறிது ஆராய்வோம்.

‘இக்காலப் பிள்ளைகளுக்கு இசையில் நாட்டமில்லை’ என்னும் புலம்பலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். காதிலே கருவியை மாட்டிக்கொண்டு, உண்ணும்போதும் உறங்கும்போதும் பாட்டுக் கேட்கும் தலைமுறையை இசை விருப்பமற்றதென்று கூறுவது பொருந்தாது. அவர்கள் கேட்கிறார்கள், பாடுவதில்லை. இசைப்பற்றானது செவி வழியே நுழைந்தாலும் வாயிலும் கையிலுமே வேரூன்றுவது. தானே பாடிப் பிழைபட்டு, மீண்டும் பாடித் திருந்திய பிள்ளைக்குத்தான் பிறர் பாடுவதன் அருமை தெரியும்.

நம் தோட்டப்புறங்களில் ஆயாக்கொட்டகை என்று ஒன்று இருந்ததைப் பெரியோர் அறிவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார் தம் கைக்குழந்தைகளை அங்கு விட்டுச் செல்வர். வரிசையாகத் தொங்கும் துணித்தொட்டில்களை முதியவளொருத்தி ஆட்டுவாள். ஆட்டுகின்ற கையின் விரைவுக்கேற்பப் பாட்டு நீளும், குறுகும். அழுகை ஓங்கினால் பாட்டும் ஓங்கும். குழந்தையின் கண் செருகினால் வெறும் முணுமுணுப்பாய்த் தேயும். அவள் எவரிடமும் தாளம் பயின்றவளல்லள். தொட்டிற்கயிறே அவளுக்குத் தாளக்கருவி. நம்மவர் தம் வரிசை வீடுகளை ‘லயம்’ என்று அழைத்து வந்தனர். இசை நூலாரோ அச்சொல்லைத் தாள ஒழுங்குக்கு வழங்குவர். இரண்டிற்கும் வேர் வேறாயினும், ஆயாக்கொட்டகையின் வாசலில் நின்றவனுக்கு அப்பெயர் தற்செயலாகத் தோன்றியிராது.

பாரதிதாசனார் இத்தொட்டிலின் வலிமையை நன்கறிந்தவர். 1909 முதல் 1946 வரை புதுச்சேரிப் பகுதியிலே தமிழாசிரியராய்ச் சிறுவரோடு உழன்றவர் அல்லரோ! 1938-இல் வெளிவந்த அவருடைய கவிதைகளின் முதற்றொகுதியில் ஆண் குழந்தைக்கு ஒன்றும் பெண் குழந்தைக்கு ஒன்றுமாக இரு தாலாட்டுகள் உள. சொல்லப்படும் பொருள் முற்றும் புதிது. மாமன் கொண்டுவரும் சீர்வரிசையைப் பாடிவந்த இடத்தில், மூடத்தனத்தை ஓட்ட வந்தவளென்று பெண் மகவைப் போற்றுகிறார். பெண் பிறந்தாலே முகஞ் சுளித்த சமுதாயத்தின் நடுவே, அப்பெண்ணையே தொட்டிலிலிட்டு அரசியைப் போல் பாடுவது எத்துணைப் பெரிய கலகம்! ஆனால் யாப்போ, பாட்டிமார் வழிவழியாகப் பாடிய அதே ஈரடிக் கண்ணி. புதிய மெட்டொன்றைக் கற்கும்படி தாயை அவர் வருத்தவில்லை. அவள் வாயிலே முன்பே குடியிருந்த மெட்டில் புதிய சொல்லை ஏற்றிவிட்டார். எழுத்தறியாத தாயும் ஒருமுறை படிக்கக் கேட்டால் மறுமுறை தானே பாடத்தக்கவை அவை.

இதனையே அளவுகோலாகக் கொண்டு ‘இசையமுதை’ நோக்குவோம். இதிலுள்ள பாட்டுகளை ஒரே தட்டில் வைத்தல் தகாது. அன்னையின் விருப்பத்தைச் சொல்லிப் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டைக் கவிஞர் எழுதியிருப்பது பலரும் அறிந்ததே. அதிலே சிணுங்கும் சிறுமி இருக்கிறாள்; கல்வியின் சிறப்போ அவள் நாவுக்குத் தெரிந்த கனியின் இனிப்பாகக் காட்டப்படுகிறது. இன்றுந் தமிழ்ப்பள்ளிகளில் சிறுமியர் அதனைப் பாட மகிழ்கிறார்கள். தமிழின் பெருமை பேசும் பாட்டுகளோ வேறு வகையின. அவற்றின் வீறு மறுக்கத்தக்கதன்று. இளைஞரை நிமிர்ந்து நிற்கச் செய்தவை அவை. எனினும் ஆறு வயதுப் பிள்ளையிடம் அவற்றைக் கொடுத்தால் அது கத்துகிறது. ஆசிரியரும் அக்கத்தலையே உணர்ச்சியென்று கொண்டு மதிப்பெண் இடுகிறார். சினமும் பெருமிதமும் வளர்ந்தோர்க்குரிய சுவைகள். குழந்தைக்குரிய சுவை வியப்பும் விளையாட்டும் என்பதைக் கவிஞர் சில இடங்களில் மறந்தார் என்றே எமக்குத் தோன்றுகிறது. 1958-இல் ‘இளைஞர் இலக்கியம்’ எழுதியபோது அவர் இதனை நினைவிற் கொண்டிருந்தார். அந்நூலின் எளிமை வேறு.

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற எம்மனோர்க்கு இதுபற்றிச் சொல்ல ஒன்றுண்டு. லண்டன் பாலம் இடிந்து விழுவதைப் பற்றிய சிறுவர் பாட்டை நாங்கள் பாடினோம். அப்பாலத்தை எவரும் கண்டதில்லை. அது ஏன் விழ வேண்டும் என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் இருவர் கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர் அதன் கீழே நுழைந்தோட, இறுதியடியில் ஒருவன் அகப்படுவான். அவ்விளையாட்டினால் அப்பாட்டு உடம்பிலே ஒட்டிக்கொண்டது. பொருளில்லாப் பாட்டே இங்ஙனம் நிலைக்குமாயின், நமக்கெனப் பொருளுள்ள பாட்டு கும்மியோடும் கோலாட்டத்தோடும் கொடுக்கப்பட்டால் நிலையாதோ? நம் பள்ளிகளிலோ பாட்டு என்பது கைகட்டி நின்று ஒப்புவிக்கும் பாடமாகிவிட்டது.

இனி, முறையாக இசை பயிலச் செல்லும் பிள்ளையின் நிலையைப் பார்ப்போம். வசதியுள்ள பட்டணத்துப் பெற்றோர் பிள்ளையைச் சங்கீத வகுப்புக்கு அனுப்புகின்றனர். முதலிற் சரளி வரிசை, பிறகு ஜண்டை வரிசை, அலங்காரம். பெரும்பாலும் மாயாமாளவகௌளை இராகம். இவ்வரிசைகள் புரந்தரதாசர் வகுத்தவை என்பது மரபு. இவற்றைப் பழிப்பது அறியாமை. வெறுஞ் சுரங்களாகையால் இவற்றிற்கு மொழியில்லை. எந்நாட்டுப் பிள்ளையும் பாடலாம். இடர் அதற்கடுத்த படியில் தொடங்குகிறது. சொல்லோடு கூடிய முதற்பாட்டாகிய கீதம் வரும்போது, பிள்ளையின் வாய் தனக்குப் புரியாத மொழியில் முதன்முதலாகத் திறக்கிறது. இன்ன சொல்லில் ஏன் குழைய வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று அதற்கு எங்ஙனம் தெரியும்? கிளிப்பிள்ளையாய்ப் பழகிவிடுகிறது. தேர்வு முடிந்ததும் சுருதிப்பெட்டி பரணுக்கு ஏறிவிடுகிறது.

இக்குறையை நீக்கவே 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பொருளும் முயற்சியும் ஈந்தார். தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப்பாட்டு ‘துக்கடா’வாகக் கடைசியில் வந்து நிற்கும் இழிவு அவ்வியக்கத்தினால் பெரிதும் குறைந்தது. தமிழில் பாடினால் மட்டும் போதுமா, பாடும் பொருளும் மாற வேண்டாமா என்னும் வினா சீர்திருத்தக்காரர் பக்கமிருந்து எழுந்ததும் முறையே. ‘இசையமுது’ அவ்வினாவுக்குக் கவிஞர் அளித்த விடையென்று கொள்ளலாம். ஆயினும் இருசாராருடைய கண்ணும் மேடையின் மேலேயே இருந்தது. மேடைக்கு வருமுன் பிள்ளை எங்கே பாடும், யாரோடு பாடும் என்று கேட்டவர் சிலரே.

பாட்டு நூலை விட்டு வெளியேறி உலாவியதற்கு இந்நூலிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. துயருற்றவன் தன் அன்புக்குரியவளை யாழ் மீட்டித் தேற்ற வேண்டும் பாட்டைச் சொல்கிறோம். தண்டபாணி தேசிகர் அதனைத் தேஷ் இராகத்தில் அமைத்தார். அறிஞர் அண்ணாவின் கதையைக் கொண்டு 1951-இல் வெளிவந்த ‘ஓர் இரவு’ படத்தில் அது இடம்பெற்றது. அன்று முதல் இன்றுவரை அப்பாட்டு கச்சேரியிலும் நாட்டிய அரங்கிலும் திருமண வீட்டிலும் பாடப்படுகிறது. பாரதிதாசனார் கட்சியைக் கனவிலும் ஏற்காதவர்கள்கூட உருகிப் பாடுகிறார்கள். சொல் 1942-இலேயே இருந்தது. அதனை நடக்கச் செய்தது தேசிகரின் மெட்டு. நாம் காணும் ‘இசையமுது’ பதிப்புகளில் பாட்டு மட்டுமே அச்சாகியுள்ளது, சுரக்குறிப்பு இல்லை. பதிப்பித்தோர் கவிஞரின் சொல்லைக் காத்தனர். இசையைக் காக்கும் பொறுப்பை எவரும் ஏற்றிலர். ஒரு பாட்டுக்குத் தேசிகர் கிடைத்தார். ஏனையவை தாளிலே படுத்துறங்குகின்றன.

நிற்க. நம் இயக்கத்தாரை நோக்கியும் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. பறையும் தப்பும் ஒரு சாதியாரின் தலைமேல் கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தன. பிணத்தின்முன் அடிக்க மாட்டோம் என்று குச்சியை எறிந்தவர்கள் செய்தது மானமுள்ள செயல். அதனை யாம் வணங்குகிறோம். கட்டாயத்தை ஒழித்தது நன்று. ஆனால் அக்கருவியையே இழிவென்று எண்ணும் பழக்கமும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டது. மூடப்பழக்கத்தின் சின்னமென்று மேளத்தையும் சிந்தையும் கும்மியையும் ஒரே மூட்டையாய்க் கட்டி வெளியே வைத்தோம். கவிஞர் அவ்வாறு செய்தாரல்லர். 1926-இல் மயிலம் முருகன் மீது துதியமுது பாடியவர் அவர். பிற்காலத்தில் பக்தியை விட்டார். பக்திப்பாட்டில் தாம் பயின்ற சந்தத்தை விட்டாரில்லை. நம்முள் சிலர் கவிஞரினும் மிஞ்சிய சீர்திருத்தக்காரராயினர்.

இதன் பயனைக் கண்கூடாகக் காண்கிறோம். நாம் வெளியே வைத்த மேளத்தை இளைஞர்கள் தாமே எடுத்துக்கொண்டனர். இன்று மலேசியாவில் உருமி மேளக் குழுக்களில் சேர்ந்திருக்கும் வாலிபர்களுக்கு எந்தச் சங்கமும் வகுப்பு நடத்தவில்லை. அண்ணன் அடிக்கத் தம்பி பார்த்துப் பழகுகிறான். முதலிற் கையால் தொடையில் தட்டுகிறான், பிறகு பம்பை, பிறகு உருமி. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்கு 1973-இல் தடை விதிக்கப்பட்டு, 2016-இல்தான் வழியிலே குறிப்பிட்ட இடங்களில் வாசிக்க இசைவு கிடைத்தது. அவ்வளவு நெடிய தடைக்குப் பின்னும் வாசிக்கக் கைகள் இருந்தன! பட்டணத்துப் பெரிய மனிதர் அவ்விளைஞரைக் காலிகள் என்கிறார்கள். யாம் அவர்களுடைய சண்டை சச்சரவுகளுக்குப் பரிந்து பேச வரவில்லை. இசை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்லும் வழியை அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறோம். அவர்களுக்கு மெட்டும் தாளமும் உள. நல்ல சொல் வேண்டும். ‘இசையமுதில்’ நல்ல சொல் உளது. மெட்டும் தாளமும் வேண்டும். இரண்டையும் ஓரிடத்தில் இருத்திப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

தமிழவேள் கோ. சாரங்கபாணியார் 1952-இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் விழாக்களில் கலைப் போட்டிகள் இடம்பெற்றன. அதனால் விளைந்த ஊக்கம் பெரிது. எனினும் போட்டிக்கென்று ஒரு பாட்டை மூன்று மாதம் பழகி, பரிசு பெற்றதும் மறந்துவிடும் வழக்கம் போட்டிகளில் உண்டு. வென்ற ஒருவன் பாடுகிறான். தோற்ற பத்துப் பேர் தமக்குக் குரலில்லை என்று வாழ்நாள் முழுதும் வாய்மூடி விடுகின்றனர். குழுவாகப் பாடும் பாட்டுக்கு மிகுதியான பரிசு வைத்தால் இக்கேடு குறையும்.

இறுதியாக நூலின் பொருளைப்பற்றி ஒரு சொல். ‘இசையமுதில்’ வண்டிக்காரன் பாடுகிறான். மாடு மேய்ப்பவன் பாடுகிறான். பாவோட்டும் பெண்ணையும் ஆலைத் தொழிலாளியையும் கோடாலிக்காரனையும் பூக்காரியையும் கவிஞர் பாட்டுக்கு உரியோராக்கினார். கடவுளர்க்கும் மன்னர்க்குமே உரியதாயிருந்த காதற்பாட்டை உழைப்பாளியின் வாயில் வைத்தது அவர் செய்த புரட்சிகளுள் தலையாயது. ஆனால் அவ்வரிசையில் பால்மரம் சீவுபவர் இல்லை. அதற்கு அவரைக் குறை கூற முடியாது. தம்மூர்த் தெருவிலே கண்டவரை அவர் பாடினார். நெற்றி விளக்கும், வெட்டுக்கத்தியும், மரத்துக்கு மரம் நடக்கும் அளவான நடையும், மங்கில் சொட்டும் பாலும், ஒட்டுப்பால் உரிக்கும் சிறுவனும் நம் கவிஞர்க்காகக் காத்திருந்தன. பெயர் தெரியாத தோட்டத்துப் பாட்டுக்காரர் சிலர் பாடினர். புலவர் முரசு நெடுமாறன் போன்றோர் இந்நாட்டுச் சிறுவர்க்கெனப் பாட்டெழுதி அப்பணியை மேற்கொண்டனர். ஆயினும் வெட்டுக்காட்டு நடைக்கேற்ற தாளத்தில் பேரப்பிள்ளைகள் பாடத்தக்க பாட்டு போதிய அளவு இல்லை. ரப்பர் மரங்கள் பலவிடத்துச் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. குலை வெட்டுவோரும் பெரும்பாலும் வேற்று நாட்டவராயினர். எழுதுவோர் விரைந்து எழுத வேண்டும். எழுதுமுன் மெட்டைத் தேடிச் செல்ல வேண்டும். ஆயாக்கொட்டகையில் தொட்டிலாட்டிய முதியோருள் எஞ்சியிருப்பவர் பலர் இப்போது பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலே மகனோடும் மருமகளோடும் இருக்கிறார்கள். பகல் வேளையில் வீட்டில் அவர்களும், பள்ளிக்குப் போகும் வயது வராத பேரக்குழந்தையும் மட்டுமே.