களத்தின் உள்ளிருந்து: சுதிர் வெங்கடேஷின் சிகாகோ ஆய்வும் அது எழுப்பும் அறவினாக்களும்

முன்னுரை

வறுமையை ஆராய்வோர் பெரிதும் நம்பும் கருவி வினாநிரல். அது பயன்படாத களத்தில் ஆய்வாளர் என் செய்வது என்னும் வினாவுக்கு, சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷ் எழுதிய ‘கேங் லீடர் ஃபார் எ டே’ (2008) ஒரு விடை தருகிறது. அவ்விடையின் வலிமையையும் அதற்குப் பிறர் கொடுத்த விலையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

உடனிருத்தலின் பயன்

1989இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்த வெங்கடேஷ், ஏழைக் கறுப்பின மக்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிற்கு வினாநிரலுடன் சென்றார். கறுப்பராகவும் ஏழையாகவும் இருப்பது எவ்வாறுள்ளது என்பது அதிலிருந்த வினா. ‘மிக மோசம்’ முதல் ‘மிக நன்று’ வரை விடைகள். கும்பலினர் அவரை இரவு முழுவதும் படிக்கட்டிலேயே இருத்தினர். வாழ்வை அறிய உடனிருந்து பழக வேண்டும் என்பது, ஜே.டி. எனப் புனைபெயர் தரப்பட்ட கும்பல் தலைவர் உணர்த்திய பாடம். பின்னர் 28 கட்டடங்கள் கொண்ட ராபர்ட் டெய்லர் குடியிருப்பில் வெங்கடேஷ் பல்லாண்டுகள் பழகினார்.

இதன் பயன் பெரிது. கும்பலின் கணக்கேடு அவருக்குக் கிட்டியது. அதனைக் கொண்டு பொருளியலறிஞர் ஸ்டீவன் லெவிட்டுடன் இணைந்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, தெருவில் போதைப்பொருள் விற்கும் இளைஞர் பெறுவது ஏறத்தாழக் குறைந்தபட்சக் கூலியே என நிறுவியது. இலாபம் மேலே செல்ல, உயிர் இடர் கீழே தங்குகிறது. எந்த வினாநிரலும் இவ்வுண்மையைத் தந்திராது.

தகவல் வரியான கதை

நூலின் மிகக் கனமான பகுதி வேறொன்று. வீட்டில் சமைத்து விற்போர், வண்டி பழுதுபார்ப்போர் முதலியோரின் மறைமுக வருவாயை வெங்கடேஷ் கேட்டுத் தொகுத்தார். சரிபார்க்கும் நோக்கில் அதனை ஜே.டி.யிடமும் குடியிருப்போர் மன்றத் தலைவியிடமும் பகிர்ந்தார். அவ்விருவரும் வருவாயை மறைத்தவர்களிடம் பணம் பறித்தனர். நம்பிச் சொன்னவர்களே தண்டம் கட்டினர். வெங்கடேஷ் இதனை மறைக்கவில்லை. ஆயினும், தவற்றை ஒப்புக்கொள்ளும் நேர்மை நூலுக்கு விறுவிறுப்பைக் கூட்டுகிறதேயன்றி, இழந்தவர்க்கு எதனையும் மீட்டுத் தரவில்லை.

சரிபார்த்தலின் சிக்கல்

இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, கில்பர்ட் ஸ்லேட்டரின் வழிகாட்டலில் 1916இல் ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று. ஊர்ப்பெயர் வெளிப்படையாக இருந்ததால் பிற்கால ஆய்வாளர் மீண்டும் மீண்டும் அங்குச் சென்று முடிவுகளை ஒப்பிட முடிந்தது. வெங்கடேஷின் மாந்தர் புனைபெயரில் உள்ளனர். கட்டடங்களோ 2007க்குள் முற்றிலும் இடிக்கப்பட்டன. புனைபெயர் மக்களைக் காக்க இன்றியமையாதது. ஆனால் அப்போது நூலின் நம்பகத்தன்மை கதைசொல்லி ஒருவரின் சொல்லை மட்டுமே சார்கிறது. ஆய்வாளரே நாயகராகும் எடுத்துரைப்பு இச்சார்பை மேலும் மிகுவிக்கிறது.

முடிவுரை

இவ்வினாக்கள் சிகாகோவோடு முடிவனவல்ல. விக்கிரவாண்டி வட்டாரத்தில் முன்பணம் பெற்றுக் கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ செல்லும் குடும்பத்தின் வருவாயை அறியும் ஆய்வாளர், அதனை மேஸ்திரியிடம் சரிபார்த்தால் நிகழக்கூடியதும் இதுவே. உள்ளிருந்து ஆராய்தல் வெங்கடேஷ் காட்டியவாறு அரிய உண்மைகளைத் தரும். எனினும், பெற்ற தகவலை எவரிடம் சொல்லலாகாது என்பதைக் களத்தில் இறங்குமுன்பே வரையறுத்தல், வினாநிரல் வகுப்பதினும் முதன்மையான ஆய்வுக் கடமையாகும்.