‘செயற்கை எலும்பு’ – பெயர் பொருத்தமா?

பல் பிடுங்கிய குழியில் மருத்துவர் சில வேளை வெண்ணிறத் துகள்களை இட்டுத் தையல் போடுகிறார். அறிவியல் கட்டுரைகள் பலவற்றில் இத்துகள்களுக்குச் ‘செயற்கை எலும்பு’ என்று பெயர். இப்பெயர் பொருந்துமா என்று ஆராய்வோம்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கனிமம்; எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழையும் நீரும். கனிமம் அமுக்கத்தைத் தாங்குகிறது. இழை இழுவிசைக்கு ஈடுகொடுக்கிறது. துகள்களிலோ இழையும் இல்லை, உயிரணுவும் இல்லை. பீங்கானைப் போல அவை எளிதில் உடைபவை.

அப்படியாயின் அவற்றின் பயன் யாது? கொத்தனார் கட்டும் சாரத்தை எண்ணிப் பாருங்கள். சாரம் சுவராகாது; சுவர் எழ இடம் தருகிறது. துகள்களிலும் அவற்றின் இடையிலும் உள்ள துளைகள் வழியே இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் நுழைகின்றன. துளை ஏறத்தாழ 100 மைக்ரானுக்குக் குறைந்தால் எலும்பு உள்ளே வளர்வது கடினம்.

சுவர் எழுமுன் சாரத்தைப் பிரிக்கக் கூடாதல்லவா? கால்சியம் சல்பேட் சில வாரங்களிலேயே கரைந்துவிடுகிறது. உயர் வெப்பத்தில் சுட்ட ஹைட்ராக்சி அபடைட்டோ பல ஆண்டுகள் அப்படியே கிடக்கிறது. பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் இடைப்பட்டது.

1969-இல் புளோரிடா பல்கலைக் கழகத்தில் லாரி ஹென்ச் ஒரு கண்ணாடியை உருவாக்கினார். அதன் எடையில் 45 விழுக்காடு சிலிக்கா. சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6. உடல் நீர்மம் பட்டதும் இதன் மேற்பரப்பில் அபடைட் படலம் தோன்றி எலும்புடன் பிணைகிறது. வியத்தகு சாதனைதான். ஆயினும், பிணைவது வேறு, எலும்பாவது வேறு. எலும்பை ஆக்குவது நம் உடலே.

பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். துகள் இடாவிடினும் குழி பொதுவாகத் தானே ஆறி, எலும்பால் நிரம்பும். ஆனால் தாடையின் விளிம்பு ஓரளவு சுருங்கும். அச்சுருக்கத்தைக் குறைப்பதே துகள்களின் நோக்கம். 2021-இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ‘குறைக்கக்கூடும், ஆனால் சான்று உறுதியானதன்று’ என்ற அளவிலேயே நிற்கிறது. ‘எலும்பையே வைக்கிறார்கள்’ என்று நம்புபவர், ‘எனக்கு இது தேவையா?’ என்று கேட்கமாட்டார். கேளாமலே பணம் கொடுப்பார்.

‘எலும்பு நிரப்பி’ என்ற எளிய பெயரே போதும். அதில் கவர்ச்சி இல்லை, பொய்யும் இல்லை.