தாளத்தோடு நடக்கும் பள்ளத்தாக்கு

ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி கொண்டுபோனபோது, உடன் நடந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் வழிநெடுகப் பாடியவையே காவடிச் சிந்தாக நமக்குக் கிடைத்தன என்பார்கள். அந்தச் சிந்துகளைக் கைதட்டிப் பாடிப் பார்த்தால் உண்மை உடனே விளங்கிவிடும். கால் எடுத்து வைக்கும் இடத்தில்தான் தாளம் விழுகிறது. 1865-இல் பிறந்த ரெட்டியார் 1891-இல், இருபத்தாறு வயதிலேயே மறைந்தார். அடுத்த ஆண்டு, கடல் கடந்து வந்த தமிழர்கள் கோலாலம்பூருக்கு வடக்கே பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடத் தொடங்கினார்கள். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனவர்களும், நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டேதான் நடந்தார்கள்.

நடையைக் கலையாகப் பேசும் நூல்களோ பெரும்பாலும் 1967-க்குப் போய் நிற்கும். அந்த ஆண்டு ரிச்சர்ட் லாங் என்ற ஆங்கிலேய மாணவர் ஒரு புல்வெளியில் ஒரே கோட்டில் போவதும் வருவதுமாக நடந்து, புல் மடிந்து உண்டான தடத்தைப் படம் பிடித்தார். 1988-இல் மரினா அப்ராமோவிச்சும் உலாயும் சீனப் பெருஞ்சுவரின் இரு முனைகளிலிருந்து புறப்பட்டு, மாதக்கணக்கில் நடந்து, நடுவழியில் சந்தித்து, அங்கேயே பிரிந்தார்கள். பிரான்சிஸ் அலீஸ் 1997-இல் மெக்சிகோ நகரத் தெருக்களில் ஒரு பெரிய பனிக்கட்டியை, அது கரைந்து நீராகும் வரை தள்ளிக்கொண்டே போனார். மூன்றும் அரிய படைப்புகள். மூன்றிலும் நடப்பவர் தனியாள், அல்லது ஓர் இணை. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருபவருக்கு இங்கே நடைக்கலை இருப்பதே கண்ணில் படாது. இங்கு நடை கூட்டத்தோடு நடப்பது. மேளம் முன்னே போக, பாட்டு கூடவே வர நடப்பது.

அதற்கு வழி போட்டவர் கே. தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூரில் அவர் 1873-இல் தொடங்கிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 1885-இல் இன்றைய துன் எச்.எஸ். லீ சாலைக்கு இடம் மாறியது. பத்துமலைக் குகையில் முருகன் வழிபாடு தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். தைப்பூசத்தை ஒட்டி, வெள்ளி ரதம் நகரக் கோயிலிலிருந்து இரவில் புறப்பட்டு, ஈப்போ சாலை வழியாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஊர்ந்து பத்துமலை சேர்கிறது. வெள்ளி ரதம் 1983-இல் வந்தது; நடையோ அதைவிட மிக மூத்தது. காரில் அரை மணிக்குள் கடக்கும் தூரத்துக்கு ஓர் இரவு முழுதும் ஆகிறது. வாசலுக்கு வாசல் தேங்காய் உடைகிறது, அர்ச்சனைத் தட்டு நீள்கிறது, தண்ணீர்ப் பந்தலில் மோர் தருகிறார்கள். வருடம் முழுக்க வண்டிகள் சீறும் சாலையை அந்த ஓர் இரவில் வெறுங்கால்கள் எடுத்துக்கொள்கின்றன. தலைநகரின் மிகப் பெரிய கலைநிகழ்வு எது என்று கேட்டால், எந்த அரங்கத்தின் பெயரையும் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்ல வேண்டும்.

காவடி நடையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். பத்து ஆற்றங்கரையில் குளித்துப் புறப்படும் காவடி குகைக்கோயிலை நோக்கி நேர்கோட்டில் போவதில்லை. இரண்டு அடி முன்னே, ஓர் அடி பின்னே, பிறகு ஒரு சுற்று. மயிற்பீலிகள் விரிந்து அடங்கும். உருமிக்காரர் வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்த்து முனகல் எழுப்பி, மறு கையின் குச்சியால் இன்னொரு முகத்தை அடிக்கிறார். முனகல் நீண்டால் காவடி தயங்கும், அடி நெருங்கினால் சுழலும். உடன் வருபவர்களில் ஒருவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டே நடப்பார். காவடிக்காரர் தளர்ந்தால் அது சட்டென்று அவருக்குக் கீழே வந்துவிடும். இன்னொருவர் காலில் தண்ணீர் ஊற்றுவார். "வேல் வேல்!" என்று குரல் எழ, மறுபடி புறப்பாடு. கடைசியில் 272 படிகள். அந்த ஏற்றத்தில் தாளம் மட்டும் தளரவே கூடாது என்பதை உருமிக் குழுவின் இளைஞர்கள் தங்கள் தலையாய பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். மேடை நடனக் கலைஞர் பலருக்கு இந்தக் கவனம் வாய்ப்பதில்லை.

கார்ல் வடிவேலா பெல் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் தாமே காவடி எடுத்தவர். மலேசியத் தைப்பூசத்தைப் பற்றிய அவருடைய விரிவான நூல் 2017-இல் வெளிவந்தது. நடந்து பார்த்தவர் எழுதியது என்பதே அதன் பலம். தெற்கே சிங்கப்பூரில் கதை வேறு. அங்கே 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் தந்தார்கள். உருமி இல்லாமல் நடக்கச் சொன்னால் எதை இழக்கிறோம் என்று சிங்கப்பூர்த் தமிழர்களைக் கேட்டால் தெரியும்.

திருவிழா முடிந்தால் நகரம் கார்களிடம் திரும்பிப் போய்விடுகிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியே நல்ல எடுத்துக்காட்டு. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், செங்கல்லும் ஓடும் கொண்டு ஊரைக் கட்டச் சொன்னார் பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம். அந்தச் செங்கல் இங்கே சுடப்பட்டது. அப்படி எழுந்த கடைவீடுகளுக்கு முன்னால்தான் அஞ்சடி வந்தது: வெயிலும் மழையும் படாமல் தெரு நீளத்துக்கும் நடக்க ஒரு நிழல்வழி. இப்போது பல இடங்களில் அதை மோட்டார் சைக்கிளும் கடைச் சரக்கும் அடைத்துக்கொள்கின்றன. 2001-இல் சென்ட்ரல் ரயில் நிலையமும் 2003-இல் மோனோரயிலும் வந்தன. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, 2014-இல் நடுவில் பேரங்காடி திறக்கும் வரை, பயணிகள் தெருவில் இறங்கிச் சாலையைக் கடந்துதான் நடந்தார்கள். நடப்பவரைக் கடைசியாக நினைத்த திட்டத்துக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அதே பிரிக்பீல்ட்ஸில், 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அதனால் வெள்ளைத் தடி பிடித்து நடப்பவர்கள் அந்தத் தெருக்களில் ஏராளம். துன் சம்பந்தன் சாலையில் மோனோரயில் தூணருகே ஒலி மாறும். மாலைக் கடையின் மல்லிகை மணம், வடைச் சட்டியின் எண்ணெய் வாசம், காலடியில் தட்டுப்படும் புடைப்பு ஓடு எல்லாமே அவர்களுக்கு வழிக் குறிப்பு. கனடாவின் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1970-களில் கேட்டுக்கொண்டே நடக்கும் ஒலிநடையை ஒரு கலைப்பயிற்சியாக வளர்த்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒலிநடை நடத்த விரும்பும் கலைஞர், இந்தத் தெருக்களைத் தினமும் காதால் படிப்பவர்களை ஆசிரியராகக் கொள்வதே முறை.

புதிய முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2011-இல் ஷா ஆலமில் தொடங்கிய 'புக்கு ஜாலானான்' என்ற தெரு நூலகம், திறந்தவெளியில் பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்பியது. அந்த வட்டத்திலிருந்து வந்த சிக்ரி ரஹ்மான், கோலாலம்பூரின் இலக்கிய இடங்களை வரைபடமாக்கும் 'லிட்டராசிட்டி'யில் ஈடுபட்டார். போர்ட்டிக்சனில் வளர்ந்த சிம்ரின் கில், கடற்கரையில் நடந்து பொறுக்கிய கண்ணாடித் துண்டுகளில் ஒவ்வொரு சொல்லாகப் பொறித்து ஒரு படைப்பு செய்தார். கிள்ளானில் அரச காட்சியகத்தில் புறப்பட்டு, இந்திய முஸ்லிம் பள்ளிவாசலையும் லிட்டில் இந்தியாவையும் சுற்றிக் காட்டும் மரபுநடைக்கு நல்ல பெயர் உண்டு. வழிகாட்டி ஒருவர் முன்னே நடந்து, எங்கே என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம் என்று சொல்வது தமிழுக்குப் புதிதில்லை. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பெரும்பாணாற்றுப்படை ஒவ்வொரு நிலத்து வீட்டிலும் கிடைக்கும் சோற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் ஆற்றுப்படையில் வழி சொல்பவன் தானும் பசித்து நடந்து மீண்ட கலைஞன். இன்றைய மரபுநடைகளில் கட்டடக் கணக்கு நிறைய இருக்கிறது. நடந்து பிழைத்தவர்களின் கதை குறைவு.

கிள்ளானில் அந்தக் கதைக்குப் பஞ்சமே இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: தோட்டத் துரையும் எழுத்தரான கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். சாலையில் தலை நிமிர்ந்து போகும் உரிமைக்காக நடந்த போராட்டம் அது. மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 1961-இல், கிள்ளான் ஆற்றின் குறுக்கே கோத்தா பாலம் திறந்தது. இரண்டடுக்குப் பாலம்: மேல்தளம் வண்டிகளுக்கு, கீழ்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் மேல்தளத்தில் போக்குவரத்து நின்றது. கீழ்தளத்தில் மக்கள் இன்னும் நடக்கிறார்கள். இரும்புச் சட்டங்களுக்கு இடையே காற்று வீசும், கீழே கலங்கிய ஆறு ஓடும். தென்கரையில் ஏறி வந்தால் சிறிது தூரத்திலேயே தெங்கு கிளானா சாலையின் புடவைக் கடைகளும் பாட்டுச் சத்தமும்.

1941-ஐ நடந்தே சொல்ல நினைக்கும் கலைஞருக்கு இந்தக் கீழ்தளத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. வடகரையில் கூடி, சைக்கிளில் வருபவர்கள் இறங்காமலே முன்னே போக, உருமிக் குழு ஒன்று பின்னால் அடித்துக்கொண்டு வர, நாதனின் கோரிக்கைகளைத் தமிழிலும் மலாயிலும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு தெங்கு கிளானா சாலை வரை நடக்கலாம். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.