தேறலும் பியரும்

விருப்பு வேறு, மதிப்பீடு வேறு. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது விருப்பு. ‘இஃது இன்ன இயல்பினது, இன்ன காரணத்தால் நன்று அல்லது தீது’ என்பது மதிப்பீடு. மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் வாழும் தமிழரிடையே இவ்வேறுபாடு மறைந்துபோன இடம் ஒன்று உண்டு. அது பியர்ப் போத்தல்.

1896இல் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் புக்கிட் அசஹானில் அது பெருந்தோட்டமாயிற்று. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய நாட்டில் குடியும் இரண்டாகப் பிரிந்தது. தொழிலாளிக்குக் கள்ளுக்கடை, துரைக்குக் கிளப். கிளப்பின் பானமாக இருந்தது பொன்னிறப் பியர். சிங்கப்பூரில் 1932இல் டைகர் பியர் வெளிவந்தது. ஷா ஆலாமில் 1972 முதல் கார்ல்ஸ்பர்க் வடிக்கப்பட்டது. மெல்ல மெல்லத் துரையின் பானம் காப்பிக்கடை மேசைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் துரையின் மதிப்பு அதனை விட்டு நீங்கவில்லை. கள் குடிப்பவன் ‘குடிகாரன்’. பியர் குடிப்பவர் ‘பழகிக்கொள்பவர்’. இத்தீர்ப்பு நாக்கு அளித்ததா, பிறிதொன்று அளித்ததா என்பதே கேள்வி.

மரபு தரும் அளவுகோல்

விடை காண மேனாட்டு நூல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அரிசியினின்று மது வடிக்கும் முறையை வரிசையாகக் கூறுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், சாடியில் முதிர்ந்ததை வெந்நீரில் அரித்துப் பிழிவர். முளைத்த தானியத்துக்கு மாவைச் சர்க்கரையாக்கும் ஆற்றல் உண்டு. அச்சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக்குகிறது. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைக்க வைத்துச் செய்வதும் இதுவேயாகும். ஆகவே, பியர் என்னும் பெயரே அயலது. தொழில் அயலது அன்று.

செய்முறையோடு நில்லாமல் மதிப்பிடும் சொற்களையும் பழந்தமிழ் வைத்துள்ளது. தேறல் என்பது தெளிவைக் குறித்தது. நறவு என்பதில் நறுமணம் பொதிந்துள்ளது. வழைச்சு என்பது முற்றாத பச்சைத்தன்மை. அஃது அற்றுப்போதலே விளைந்த மதுவின் இலக்கணம். நாட்படுதல் என்பது வைத்து முதிர்வித்தல். கடுப்பு என்பது நாவில் ஏறும் வேகம். புறநானூற்றில் ஔவையார் அதனைத் தேள் கொட்டுதலோடு ஒப்பிட்டார். தெளிவு, மணம், முதிர்ச்சி, வைப்பு, கடுப்பு என அளவைகள் ஐந்தாயின.

அளந்து காணுதல்

ஆலைகளில் பெருமளவில் வடிக்கப்படும் பொன்னிறப் பியரை இவ்வைந்தாலும் அளக்கலாம். தெளிவில் அதற்கு நிகரில்லை. 1842இல் பொகீமியாவின் பில்சன் நகரில் யோசப் குரோல் இவ்வகையை முதன்முதல் வடித்தபோது, கண்ணாடிக் குவளையில் ஒளி ஊடுருவும் அந்நிறமே அதன் புகழாயிற்று. முதிர்ச்சியிலும் குறைசொல்ல இடமில்லை. 1883இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியான் ஹான்சன் தூய ஈஸ்டைத் தனித்தெடுத்தார். அதன்பின், வேண்டாத நுண்ணுயிர் புகுந்து பானம் கெடுதல் அரிதாயிற்று. வெளிறிய பானத்தில் குற்றம் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆயிரமாயிரம் போத்தல்களும் ஒரே சுவையாக அமைவது எளிய காரியமன்று. இப்பெருமையை மறுத்தல் நேர்மையாகாது.

மணத்தில்தான் அது தோற்கிறது. வாற்கோதுமையோடு அரிசி, சோளம், சர்க்கரை முதலியவற்றைச் சேர்ப்பதால் செறிவு மெலிகிறது. ஹாப்ஸ் பூவின் மணமும் கசப்பும் யாரையும் வெருட்டாத அளவுக்குக் குறைக்கப்படுகின்றன. எஞ்சிய சிறு மணத்தையும் குளிர் மறைத்துவிடுகிறது. குவளையில் ஐஸ் கட்டி இடுதல் இந்நாட்டு வழக்கம். அது வெயிலுக்கு இதமாகலாம், மதிப்பீட்டுக்கு உதவாது. சற்றே குளிர் தணிந்தபின் முகர்ந்தால்தான் உள்ளது உள்ளபடி தெரியும். அப்போது சிலருக்கு ஏமாற்றமே மிஞ்சும். கடுப்போ, மதுவின் வேகத்தைவிடக் கரியமில வாயுவின் குத்தலால் வருவது.

வைப்பில் ஒரு முரண் உண்டு. லாகர் என்னும் ஜெர்மானியச் சொல்லுக்குக் கிடங்கு என்பது பொருள். குளிர்ந்த நிலவறையில் வைத்து முதிர்விக்கப்பட்டதால் வந்த பெயர் அது. இன்றைய பேராலைகளில் அவ்வைப்புக் காலம் குறுகிவிட்டது. போத்தலில் அடைபட்ட பின்னரோ நாள் கூடக்கூட நன்மை குறையும். மலாக்கா வெப்பத்தில் கடைத் தட்டில் நெடுநாள் கிடந்த போத்தலில் நனைந்த அட்டையின் வாடை எழும். வெயில் பட்ட பச்சைப் போத்தலில் முடைநாற்றம் ஏறும்.

கள்ளுக்கும் இவ்வளவைகளே பொருந்தும். கள்ளில் தெளிவில்லை, அது பால்போல் கலங்கியது. வைப்பும் இல்லை, காலையில் இனித்தது மாலையில் புளிக்கும். ஆனால் புதுக்கள்ளின் மணம் செழுமையானது. பொழுது ஏற ஏறக் கடுப்பும் வளரும். ஒன்று மாறாமையால் சிறந்தது. மற்றது மாறுதலையே இயல்பாகக் கொண்டது. ஒன்றன்முன் மற்றது நாணத்தக்கதென இவ்வளவைகளுள் எதுவும் கூறவில்லை.

தீர்ப்பு யாரைப் பற்றியது?

அந்நாணம் பானத்தால் வந்ததன்று, அருந்தியவரால் வந்தது. கள்ளை இகழ்ந்தவர் பால்மரம் வெட்டியவரை இகழ்ந்தனர். பியரை உயர்த்தியவர் கிளப்பை உயர்த்தினர். கள்ளுக்கடையை எதிர்த்த இயக்கம் இதனின் வேறானது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. அவர்கள் கூலியும் குடும்பமும் குடியால் அழியாமை வேண்டினர். கள்ளை விட்டுப் போத்தலுக்கு மாறுதலை வேண்டவில்லை. திருக்குறளின் 93ஆம் அதிகாரமும் மலிந்த மதுவுக்கு ஒரு நீதி, விலையுயர்ந்த மதுவுக்கு ஒரு நீதி என்று வகுக்கவில்லை. குடியை விலக்குவோர் இரண்டையும் விலக்குக. சுவையை ஆராய்வோர் இரண்டையும் ஒரே கோலால் அளக்க.

வகுப்பறைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தேறல், நறவு, தோப்பி, மட்டு ஆகிய அனைத்துக்கும் ‘கள்’ என ஒரே பொருள் எழுதிச் செல்லுதல் எளிது. அவ்வாறு எழுதும்போது, நுகர்ந்து வேறுபாடு கண்ட ஒரு சமுதாயத்தின் அளவுகோல் மாணவர் கையினின்று பறிக்கப்படுகிறது. அளவுகோலை இழந்தவர்க்கு விலைச்சீட்டே அளவுகோலாகிவிடும்.