தசுகு ஹோன்ஜோ: ஆய்வுக் கட்டுரைகளும் மேற்கோள் கணக்கும்

தசுகு ஹோன்ஜோ (பிறப்பு: 1942) ஜப்பானைச் சேர்ந்த மூலக்கூறு உயிரியலாளர், நோயெதிர்ப்பியலாளர். கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர். 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அமெரிக்கரான ஜேம்ஸ் ஆலிசனுடன் பகிர்ந்துகொண்டார். அவரது கட்டுரைகள் பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன. அந்த எண்ணிக்கையே அவரது தகுதிக்குச் சான்றாகக் காட்டப்படுவதும் உண்டு. கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படிப்பவருக்கு அந்த எண் எதை அளக்கிறது என்ற ஐயம் எழும்.

அவற்றுள் மிகவும் அறியப்பட்டது 1992இல் எம்போ ஜர்னலில் வெளிவந்தது. முதல் ஆசிரியர் யசுமாசா இஷிடா. செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும்போது செயல்படும் மரபணுக்களைத் தேடியதில் புதிய மரபணு ஒன்று கிடைத்தது. திட்டமிட்ட இறப்பு என்ற பொருளில் அதற்குப் பிடி-1 என்று பெயரிட்டார்கள். பெயர் நிலைத்தது, பெயருக்குள் இருந்த ஊகம் நிலைக்கவில்லை. அம்மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு வயதாகும்போது லூபஸ் போன்ற நோய் வருவதை 1999இல் ஹோன்ஜோவின் குழுவே இம்யூனிட்டி இதழில் காட்டியது. பிடி-1இன் வேலை நோயெதிர்ப்புச் செல்லை அடக்கிவைக்கும் பிரேக்கின் வேலை. அந்த பிரேக்கை விலக்கினால் உடல் புற்றுக்கட்டியை எதிர்க்கிறது என்பதை யோஷிகோ இவாய் முதல் ஆசிரியராக இருந்த 2002ஆம் ஆண்டுக் கட்டுரை எலிகளில் காட்டியது. நிவோலுமாப் மருந்து ஜப்பானில் அனுமதி பெற்றது 2014 ஜூலையில்.

முதல் கட்டுரைக்கும் மருந்துக்கும் இடையே 22 ஆண்டுகள். ஓர் இதழின் தாக்கக் காரணியோ, கட்டுரை வெளியான பின் வரும் இரண்டு ஆண்டுகளின் மேற்கோள்களை மட்டுமே எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 1992ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 1994உடன் ஆயுள் முடிந்துவிட்டது. அப்போது அந்த மரபணு என்ன செய்கிறது என்பது ஹோன்ஜோவுக்கே தெரியாது. 1995இல் ஒரு நிதிக்குழு இந்த அளவுகோலை வைத்து முடிவெடுத்திருந்தால் அந்த எலிகள் வளர்க்கப்பட்டிருக்குமா என்பது வெறும் தர்க்கக் கேள்வி அல்ல. இன்று அம்மருந்தால் உயிரோடிருப்பவர்களின் கேள்வி.

நோபல் அறிவிப்பு நாளின் செய்தியாளர் சந்திப்பில், நேச்சர், சயின்ஸ் ஆகிய இதழ்களில் வருபவற்றில் பத்தில் ஒன்பது பங்கு பத்தாண்டுகளுக்குப் பின் நிற்பதில்லை என்ற பொருளில் ஹோன்ஜோ பேசினார். சற்று மிகைதான். ஆனாலும் பிடி-1 கதையை வைத்துப் பார்த்தால் அவர் அப்படிப் பேசியதில் வியப்பில்லை.

அவரது ஆகச் சிறந்த பணி பிடி-1 அல்ல என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். ஒரே கிருமிக்கு எதிராக உடல் முதலில் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளையும் பின்னர் ஐஜிஜி, ஐஜிஏ போன்றவற்றையும் உருவாக்குகிறது. இம்மாற்றத்தின்போது மரபணுவின் ஒரு பகுதி வெட்டி நீக்கப்படுகிறது என்பதை 1978இல் ஹோன்ஜோவும் கதாவோகாவும் முன்வைத்தனர். அதைச் செய்ய ஏஐடி என்ற நொதி இன்றியமையாதது என 2000இல் செல் இதழில் அவரது குழு காட்டியது. எதிர்ப்பொருளைக் கூர்மையாக்கும் மரபணு மாற்றங்களுக்கும் அதே நொதிதான் தேவை என்பது அன்று பலரும் எதிர்பாராதது. இன்று இது பாடநூல் செய்தி. பாடநூலில் ஏறிய உண்மைக்கு மூலக் கட்டுரையை யாரும் தேடிச் சுட்டுவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த மறைவைத் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார்.

ஏஐடி எப்படி வேலை செய்கிறது என்பதில் ஹோன்ஜோ ஆர்என்ஏ திருத்தம் என்ற விளக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கேம்பிரிட்ஜின் மைக்கேல் நியூபெர்கர் குழு, அது டிஎன்ஏவையே நேரடியாக மாற்றுகிறது என்றது. துறை பெரும்பாலும் நியூபெர்கர் பக்கம் சென்றது. ஹோன்ஜோவின் விளக்கத்தை மறுக்க எழுதப்பட்ட கட்டுரைகளும் அவரைச் சுட்டியே மறுத்தன. எண்ணிக்கையில் ஒப்புதலும் மறுப்பும் ஒன்றே.

யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அது சொல்வதில்லை. எச்-சுட்டெண் முதல் ஆசிரியருக்கும் ஆய்வகத் தலைவருக்கும் ஒரே மதிப்பைத் தருகிறது. பிடி-1 சார்ந்த புற்றுநோய்ச் சிகிச்சைக் காப்புரிமைகளில் பாஸ்டனின் கோர்டன் ஃப்ரீமேனும் கிளைவ் வுட்டும் இணைக் கண்டுபிடிப்பாளர்கள் என 2019இல் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 2020இல் அது உறுதியானது. அந்தப் பங்கை நிறுவ, யார் எந்தத் தரவை எப்போது யாரிடம் பகிர்ந்தார் என்பதை நீதிமன்றம் ஆராய வேண்டியிருந்தது.