சதவீதத்தில் அடங்காத திருத்தம்

பிராண்டன் சாண்டர்சன் இன்று எந்த நாவலில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதை அவருடைய வாசகர் யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாழும் இந்த மிகுபுனைவு நாவலாசிரியர், கையிலிருக்கும் நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை வரைந்து, முதல் வரைவு இத்தனை சதவீதம், இரண்டாம் திருத்தம் இத்தனை சதவீதம் என்று பொதுவில் அறிவித்துவருகிறார். ஆண்டுதோறும் டிசம்பரில், தன் பிறந்தநாளையொட்டி, எது முடிந்தது, எது தள்ளிப்போனது, அடுத்து எது என்று விரிவான அறிக்கையும் எழுதுகிறார். எழுத்தாளரின் மேசையை வாசகருக்குத் திறந்துவிடும் இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் வரைவை அளக்க ஏற்ற இந்த அளவுகோல், திருத்தத்தை அளக்கப் போகும்போது தவறான ஒன்றை அளக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். மிகுபுனைவுத் தொடர்களின் வாசகர்கள் பத்து, இருபது ஆண்டுகளை ஒரு கதையிடம் ஒப்படைப்பவர்கள். அந்த நம்பிக்கை பலமுறை காத்திருப்பாகவே நின்றுபோயிருக்கிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடரில் ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. பேட்ரிக் ராத்ஃபஸின் இரண்டாம் நூல் வந்ததும் அதே 2011இல்தான். மூன்றாவதற்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். ராபர்ட் ஜோர்டன் தன் ‘வீல் ஆஃப் டைம்’ தொடரை முடிக்காமலே 2007இல் இறந்துபோனார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், எஞ்சிய கதையை எழுதச் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாக அதை அவர் முடித்துவைத்தார். பாதியில் நின்ற கதை வாசகருக்கு என்ன வலி தரும் என்பதை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்த ஒருவர், தன் வேலையின் நிலவரத்தை மறைக்காமல் சொல்வது வாசகருக்குக் காட்டும் மரியாதை.

இரண்டாவது பலம், எழுத்து என்பது உழைப்பு என்பதை இந்தப் பட்டைகள் கண்ணுக்குக் காட்டுகின்றன. 2005இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் ‘எலான்ட்ரிஸ்’, அவர் எழுதிய ஆறாவது நாவல். மாணவராக இருந்தபோது ஓர் ஓட்டலில் இரவுப் பணி பார்த்துக்கொண்டு, யாரும் வாங்காத கையெழுத்துப் பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அவர் எழுதிக் குவித்தார். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இன்றைய சதவீதக் கணக்கு. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்தும் வகுப்புகளைப் போலவே, அகத்தூண்டலுக்காகக் காத்திருக்கும் இளம் எழுத்தாளரை மேசைக்கு இழுத்துவர இதனால் முடியும்.

மூன்றாவது, திருத்தத்துக்கு ஒரு தனி மதிப்பை இது பெற்றுத்தருகிறது. பிரதியின் ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் ஓர் எண் தருகிறார். 1.0 முதல் வரைவு. எழுதும்போதே தெரியவந்த ஓட்டைகளை அடைப்பது 2.0. மொழியைச் செதுக்கிக் கிட்டத்தட்ட பத்து சதவீதத்தை வெட்டுவது அதற்கடுத்த சுற்று. பிறகு பதிப்பாசிரியர், வெளியீட்டுக்கு முன்பே படித்துப் பார்க்கும் ஆல்ஃபா வாசகர்கள், பீட்டா வாசகர்கள் என்று கருத்துகள் வரவர, பிரதியின் எண்ணும் கூடிக்கொண்டே போகும். நான்கு லட்சம் சொல் உள்ள நாவலில் பத்து சதவீதம் என்றால் நாற்பதாயிரம் சொல். ஒரு குறுநாவல் அளவுக்கான எழுத்தை எழுதியவரே கைவிடுகிறார் என்பதை வாசகர் அறிவது நல்லது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. முதல் வரைவில் சதவீதம் உண்மை பேசும். நான்கு லட்சம் சொல் திட்டமிட்டு இரண்டு லட்சம் எழுதியிருந்தால் பாதி முடிந்தது. திருத்தத்தில் ஐம்பது சதவீதம் என்றால், பிரதியின் நடுப்பக்கம் வரை வந்தாயிற்று என்றுதான் பொருள். நாவல் பாதி சரியாகிவிட்டது என்று பொருளாகாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாக நடந்துபோகும் திருத்தத்தைப் பட்டையால் காட்ட முடியும். நடுவில் நின்று, இந்தப் பாத்திரமே தவறு, தொடக்கத்துக்குப் போக வேண்டும் என்று உணரும் திருத்தத்தை அதனால் காட்ட முடியாது. அந்தக் கணத்தில் நாவல் முன்னே நகர்ந்திருக்கும். பட்டை பூஜ்யத்துக்கு வந்திருக்கும்.

சாண்டர்சனின் சொந்த எழுத்திலேயே இதற்குச் சான்று உண்டு. அவருடைய மிகச் சிறந்த திருத்தம் என்று நான் கருதுவது ‘தி வே ஆஃப் கிங்ஸ்’. 2003 வாக்கில் அதன் பழைய பிரதியை முழுதாக எழுதி முடித்திருந்தார். பதிப்பகத்திடமும் அது போயிருந்தது. நூல் இன்னும் பழுக்கவில்லை என்று தானே அதை ஒத்திவைத்து, ‘மிஸ்ட்பார்ன்’ நாவலைக் கொடுத்தார். பின்னர் முதல் பக்கத்திலிருந்து புதிதாக எழுதிய நூல்தான் 2010இல் வெளிவந்தது. இரண்டுக்கும் இடையே மாறிய ஒரு முடிவைக் கவனியுங்கள். பழைய பிரதியில் மெரின் என்ற இளைஞன், தனக்குக் கிடைக்கும் அதிசய வாளை ஏற்றுப் பிரபுவாகிறான். புதியதில் அவன் பெயர் காலடின்; வாள் வேண்டாம் என்கிறான். அவன் விட்டுக்கொடுத்ததைத் தான் அடைவதற்காகத் தளபதி அவனுடைய தோழர்களைக் கொன்று, அவன் நெற்றியில் அடிமைச் சூடு போட்டு விற்றுவிடுகிறான். போர்க்களத்தில் பாலம் சுமக்கும் அடிமைகளின் கதை, அந்த நாவலின் உயிர்நாடி, இந்த ஒரு மறுப்பிலிருந்துதான் பிறக்கிறது. ‘ஆம்’ என்பது ‘இல்லை’ என்று மாறியது எத்தனை சதவீத வேலை?

எதிர்த்திசையிலும் பார்க்கலாம். 2022 மார்ச்சில் சாண்டர்சன் நான்கு ரகசிய நாவல்களை அறிவித்தார். கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் ஏறத்தாழ 1,85,000 பேர் சேர்ந்து 4.17 கோடி டாலர் கொடுத்தார்கள். பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கொரோனா காலத்தில் எழுதப்பட்ட அந்த நூல்களுக்குப் பட்டையே இருக்கவில்லை என்பது. அவற்றில் ஒன்றான ‘ட்ரெஸ் ஆஃப் தி எமரால்ட் ஸீ’ நாவலில், அதுவரை அவரிடம் கேட்டிராத விளையாட்டுக் குரல் ஒன்று கதை சொல்கிறது. யாரும் எதிர்பார்க்காத நூலை எழுதும்போது எழுத்தாளருக்குக் கிடைக்கும் விடுதலை அதில் தெரிகிறது. அதோடு ஒப்பிடுகையில், உலகமே பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க எழுதப்பட்டு 2024 டிசம்பரில் வந்த ‘விண்ட் அண்ட் ட்ரூத்’, 1,300 பக்கங்களைத் தாண்டியது. உரையாடல் நீள்கிறது, உணர்ச்சியை உரக்கச் சொல்லிவிடுகிறது, இன்னும் இறுக்கியிருக்கலாம் என்று அவருடைய நெடுநாள் வாசகர்களே குறைப்பட்டார்கள். அந்தத் தளர்வுக்குப் பட்டைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எத்தனை சுற்று முடிந்தது என்ற கணக்கு, எவ்வளவு ஆழமாகத் திருத்தினோம் என்ற கேள்விக்கு விடையாகிவிடாது என்பதை அந்த நூல் காட்டுகிறது.

அப்படியானால் மௌனமே மேலானதா? மார்ட்டினின் அனுபவத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. மூன்றாம் நூலுக்குப் பிறகு கதையில் ஐந்தாண்டு இடைவெளி விடத் திட்டமிட்டு, நெடுநாள் எழுதிப் பார்த்துவிட்டு, அது பொருந்தவில்லை என்று அந்தத் திட்டத்தையே கைவிட்டார் அவர். கலைஞனாக அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் ஆறாம் நூலில் சுமார் 1,100 பக்கம் முடிந்திருப்பதாக 2022இல் சொன்னவர், ஓராண்டு கழித்தும் அதே எண்ணைச் சொன்னபோது, அவர் ஒன்றுமே எழுதவில்லை என்றுதான் வாசகர்கள் படித்தார்கள். அந்த ஆண்டில் அவர் எதை எழுதி எதைக் கிழித்தார் என்பது அந்த எண்ணில் இல்லை. பக்கக் கணக்கும் திருத்தத்தை மறைக்கத்தான் செய்தது.

திருத்தத்தைக் காட்ட வேறு வழியும் உண்டு. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், 1937 டிசம்பரில் தொடங்கிய அந்தக் கதையைப் பலமுறை முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப்போய் எழுதினார். அரசனாக முடிசூடும் அரகார்ன், ஆரம்ப வரைவுகளில் மரச்செருப்பு அணிந்த, ஹாபிட் என்னும் குட்டை உருவினன். இதையெல்லாம் அவருடைய மகன் கிறிஸ்டஃபர் 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட வரைவுகளிலிருந்து அறிகிறோம். திருத்தத்தைப் புரியவைக்கும் வழி அதுவே. எவ்வளவு முடிந்தது என்பதைவிட, எது எதுவாக மாறியது என்பதே திருத்தத்தின் செய்தி.

சாண்டர்சனுக்கு இது தெரியாததல்ல. ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ நூலின் பழைய பிரதியை, அதன் குறைகளோடு, அவரே வாசகர்களுக்குத் தந்திருக்கிறார். அவருடைய எல்லாச் சதவீதங்களையும்விட எழுதும் கலையைப் பற்றி அதிகம் கற்றுத்தருவது அந்த ஒரு செயல்தான். முதல் வரைவுக்குப் பட்டை இருக்கட்டும். அது நேர்மையானது, உற்சாகம் தருவது. திருத்தத்துக்கு வரும்போது பட்டையை இறக்கிவைத்துவிட்டு, கதை கெடாத அளவுக்கு, எந்த முடிவை மாற்றினேன், எதை நீக்கினேன், ஏன் பின்னோக்கிப் போனேன் என்று அவர் எழுதலாம். பின்வாங்குவதும் வேலைதான் என்று பழகிவிட்ட வாசகர்கள் இருந்தால், தேவைப்படும்போது ஒரு நாவலை முழுதாகக் கலைத்துப்போடும் துணிச்சல் எழுத்தாளருக்கு எளிதில் வரும்.